சிரிப்பு உள்ள ரிக்கார்டு

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் முருகன் கண் திறந்துவிடுவான் என்று எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம். அவன் எங்களுக்கு அதை எழுதவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்த காலமும் உண்டு. சஷ்டி விரதத்தை மட்டும் எந்த வருஷமும் விட்டதில்லை.

நான் எழுத வந்தது ஒரு இங்கிலீஷ் பாட்டு ரிக்கார்டைப் பற்றி.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் குடியிருந்தோம். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பூஜை சாமான் கடையில் எனக்கு வேலை. கற்பூரம், சாம்பிராணி, விபூதிப் பொட்டலம், திரி நூல் எல்லாம் விற்போம். முதலாளி நல்ல மனசுக்காரர். கடை வாசலில் ஓரமாகச் சாக்கு விரித்து என் மனைவி பூக்கட்டி விற்க இடம் கொடுத்திருந்தார். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து வருவோம், இருட்டுவதற்குள் சேர்ந்தே திரும்புவோம்.

கடைக்கு நேர் எதிரே ஓர் ஈரானி ஹோட்டல். அங்கே ஒரு ஜூக்பாக்ஸ் இருந்தது. பீரோ மாதிரிப் பெரிய பெட்டி, கண்ணாடிக்குள் கலர் விளக்கு எரியும். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு கை நீண்டு, கேட்ட ரிக்கார்டை எடுத்து வைத்துப் பாடும். காலேஜ் பையன்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கிதாரும் டிரம்முமாக ஒரே இரைச்சல். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. மழைச் சத்தம் மாதிரி அதுவும் பழகிப் போயிருந்தது.

ஒருநாள் பூக்கட்டிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"ஏங்க, அங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க சிரிக்கு?"

"பிள்ளையா? அங்க வாறதெல்லாம் தடிமாட்டுப் பயலுவல்லா."

"இல்லங்க. இந்தா இப்பம் சிரிச்சுது."

முதலாளி பிரசாதத்துக்கு வைத்திருந்த கல்கண்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். பிள்ளை எங்கே கண்டாலும் கையில் எதையாவது கொடுக்காமல் அவளால் வர முடியாது. போனவள் கல்கண்டோடு திரும்பி வந்தாள். "அந்தப் பெட்டிக்குள்ளல்ல சிரிக்கு!" என்றாள். முகம் எல்லாம் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நானும் காது கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். ஒரு பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு குழந்தை சிரிக்கும். கிச்சுக்கிச்சு மூட்டினால் மூச்சு முட்டச் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. கண் சிமிட்டுகிற நேரம்தான் இருக்கும், உடனே டிரம் வந்து விழுந்து மூடிவிடும்.

அந்தச் சமயம் அந்தப் பாட்டுக்குத்தான் பம்பாயில் கிராக்கி. ஒருவன் போட்டு முடித்ததும் இன்னொருவன் காசு போடுவான். ஒவ்வொரு தடவையும் என் மனைவியின் கை நிற்கும். சிரிப்பு முடிந்ததும் இரண்டு கையையும் நெற்றிப் பொட்டில் வைத்து விரலை நெரித்து நெட்டி முறிப்பாள். எதிரே பிள்ளையே இல்லை, பெட்டிதான் இருக்கிறது. இவள் திருஷ்டி கழிக்கிறாள். பூ வாங்க வந்த மாமிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

பிறகு அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

"எத்தன பேரு கண்ணு படுது பாருங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சிரிச்சா எந்தப் பிள்ளைக்குத்தான் ஆவும்? நீங்க போயி சுத்திப் போட்டுட்டு வாங்க."

"ஜூக்பாக்ஸுக்கா?"

"பிள்ளைக்கு."

வத்தல் மிளகாயும் கல்லுப்பும் கையில் திணித்துவிட்டாள். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? ஈரானி சேட்டிடம் போய், எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், அந்தப் பாட்டில் சிரிக்கிற குழந்தைக்குக் கண் படாமல் இருக்க என் வீட்டுக்காரி சுற்றிப் போடச் சொல்கிறாள் என்றேன். சிரித்து விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"நஜர்? அரே, பஹுத் லக்தா ஹை! கரோ, கரோ!" கண் பட்டால் சும்மா விடாது, நன்றாகச் செய் என்கிறார்.

அவர்களிலும் கண்ணேறுக்குப் புகை போடுகிற வழக்கம் உண்டாம். வெள்ளிக்கிழமை எங்கள் கடையில் அவர் சாம்பிராணி வாங்குவது அதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மிளகாயைப் பெட்டிக்கு முன்னால் சுற்றினேன். பின்னாலேயே அவர் தூபக்காலை எடுத்துவந்து பெட்டியைச் சுற்றிப் புகை காட்டினார். பையன்கள் மேஜையைத் தட்டிக் கூத்தடித்தார்கள். "பண்டிட்ஜி, எங்களுக்கும் சுத்துங்க, பரீட்சை வருது" என்று ஒருவன் கத்தினான். அவனுக்கும் சேர்த்தே சுற்றிவிட்டு வந்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயம் அது நடந்தது. ஜூக்பாக்ஸ் கம்பெனி ஆள் ஒருவன் அவ்வப்போது வந்து, தேய்ந்து கரகரவென்று ஆன ரிக்கார்டுகளை எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் போவான். அன்றைக்கும் வந்து போனான். சற்று நேரத்தில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். என் மனைவி தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

நேரே டிரம் அடித்தது. சிரிப்பு இல்லை.

"ஏங்க, பிள்ளையக் காணும்."

மறுபடி போட்டார்கள். மறுபடியும் டிரம்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அங்கே ஹோட்டல் மூலை மேஜையிலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்று, "ஐயையோ, மாத்திட்டானே பாவி!" என்று தமிழில் அலறினார். தின்றுகொண்டிருந்த வெண்ணெய் பன் மஸ்காவை அப்படியே போட்டுவிட்டு, கம்பெனி ஆளைப் பிடிக்க ரோட்டில் ஓடினார். கிடைக்காமல் திரும்பி வரும்போது எங்கள் கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

அவரை எனக்கு முகப் பழக்கம் உண்டு. மாட்டுங்காவில் குடியிருந்த பாங்க் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவர். சம்பாத்தியம் முழுக்க இங்கிலீஷ் ரிக்கார்டுக்கே போகிறது என்று ஊர் சொல்லும். மனைவி காதில் விழாதபடி அவரை ஓரமாகத் தள்ளிக் கூட்டிப் போய் மெல்லக் கேட்டேன்: "சார், நீங்களும் அந்தச் சிரிப்பைத்தான் தேடுதியளா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிரிப்பு உமக்கு எப்படி ஓய் தெரியும்?"

அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. பாட்டைப் பதிவு செய்த இடத்தில் யாருடைய குழந்தையோ சிரித்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் முதல் அச்சுப் போட்டுவிட்டார்கள். பிறகு கம்பெனிப் பெரியவர்கள் கேட்டுவிட்டு, அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி அச்சடித்தார்கள். இப்போது கடையில் விற்பதெல்லாம் இரண்டாம் அச்சு. முதல் அச்சு இந்த ஊருக்கு வந்ததே கொஞ்சம்தான்.

"அதைத்தான் நாங்க சில பேர் பைத்தியமாத் தேடிண்டு இருக்கோம். இந்தப் பெட்டியில ஒண்ணு இருந்தது. தேஞ்சாலும் பரவாயில்லை, மெதுவா சேட்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம்னு நாள் பாத்துண்டு இருந்தேன். போச்சு!"

வெட்டிவிட்டார்கள் என்ற வார்த்தையை நான் வீட்டில் சொல்லவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலளா. எடுத்து வேற எடத்துல வச்சிருக்காவளாம்" என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. "நான் அப்பமே சொன்னேம்லா. ஒரு தடவ சுத்துனாப் போதுமா?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஆனால் அந்தப் பாட்டு எதிரே தொடங்கும்போதெல்லாம் அவள் கை நிற்பது மட்டும் நிற்கவில்லை. பழக்கத்தில் நிமிர்வாள். டிரம் அடித்ததும் குனிந்துகொள்வாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் கடையில் நிற்க முடியவில்லை.

குமாஸ்தாவிடம் போய், தேடுவதற்கு நானும் வருகிறேன் என்றேன். "உமக்கு எதுக்கு ஓய் இது? உம்மகிட்ட கிராமபோன்கூட கிடையாதே!" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எப்படி அடையாளம் பார்ப்பது என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். ரிக்கார்டை முகத்தில் விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்க்க வேண்டும். கோடெல்லாம் முடிந்து, நடுக் காகிதம் ஆரம்பிக்கிறதற்கு முன்னால் ஒரு வழவழப்பான வளையம் இருக்கும். அதில் ஏதோ நம்பர் கீறியிருக்கும். நம்பருக்குப் பக்கத்தில் வெறும் கோடு இருந்தால் இரண்டாம் அச்சு. கோட்டின் நுனியில் அம்பு மாதிரி முனை இருந்தால் முதல் அச்சு. அதை அவர் பேப்பரில் வரைந்து காட்டினார்.

பார்த்ததும் எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. "சார், இது வேல்லா!"

"வேலும் இல்லை, மயிலும் இல்லை. எவனோ வெள்ளைக்காரன் ஆணியால கீறினது. சும்மா இரும்."

அவர் என்ன சொன்னாலும் எனக்கு அது வேல்தான். வீட்டில் போய், "வேல் போட்ட ரிக்கார்டுலதான் பிள்ளை இருக்கு" என்று சொன்னேன். அவளுக்கு அதைவிட வேறு உத்தரவாதம் வேண்டியிருக்கவில்லை.

கடை லீவு நாளில் அவரோடு அலைந்தேன். சோர் பஜார் போவோம். பழைய சாமான் குவித்திருக்கிற இடமெல்லாம் போவோம். அங்கே அவரைப் போலவே தேடுகிற ஆட்கள் இருந்தார்கள். கோட் போட்ட ஒரு பாண்டு வாத்தியக்காரர், டாக்டருக்குப் படிக்கிற ஒரு பையன், இப்படி. ஒருவருக்கொருவர் நன்றாகச் சிரித்துப் பேசுவார்கள், ஆனால் ஒரு வார்த்தை நிஜம் சொல்ல மாட்டார்கள். நல்ல ரிக்கார்டு கண்ணில் பட்டுக் கையில் காசு இல்லாவிட்டால், அதை யாரும் தொடாத மராத்தி லாவணிப் பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் செருகி மறைத்துவிட்டுப் போய் மறுநாள் வருவார்கள். குமாஸ்தாவும் அதைச் செய்வார். கடைக்காரனிடம் வேண்டியதை நேராகக் கேட்கக் கூடாது, வேண்டாததை விலை பேச வேண்டும் என்பார். எனக்கு இந்தக் கள்ளத்தனம் எல்லாம் வரவில்லை. ஒவ்வொரு தட்டாகச் சாய்த்து அந்த வேல் குறியைத் தேடுவேன். மனசுக்குள் கந்தா, கடம்பா என்று சொல்லிக்கொண்டே தேடுவேன்.

கடைசியில் ஜூக்பாக்ஸ் கம்பெனி ஆளே ஒருநாள் எங்களிடம் மாட்டினான். தேய்ந்த ரிக்கார்டுகளை என்ன செய்தாய் என்று குமாஸ்தா அவன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். மான்குர்த்தில் கீரை போடுகிற ஒரு தமிழ்க் குடும்பம் கேட்டது, கொடுத்துவிட்டேன் என்றான்.

"கீரைக்காராளுக்கு ரிக்கார்டு எதுக்குடா?"

"குருவி விரட்ட, சாப்."

அடுத்த ரயிலில் மான்குர்த் போனோம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சேறும் சகதியுமாகக் கீரைப் பாத்தி. குச்சி நட்டு, கயிறு கட்டி, கயிறு முழுக்க ரிக்கார்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றுக்கு அது பாட்டுக்குச் சுற்றுகிறது, வெயிலில் பளபளவென்று கண்ணை அடிக்கிறது. பாலிஷ் போட்ட பூட்ஸோடு குமாஸ்தா பாத்திக்குள் இறங்கிவிட்டார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

வேல் எனக்குத்தான் முதலில் தென்பட்டது. "முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிக்கார்டு வெயிலில் வெந்து, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து போயிருந்தது.

"செத்துப் போச்சு ஓய்," என்றார்.

அவர் ரிக்கார்டைத்தான் சொன்னார். அந்த வார்த்தையை வீட்டில் சொல்லக் கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

கீரைக்கார அம்மாள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்தாள். "வேணும்னா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. குருவியெல்லாம் இப்பம் இதுக்குப் பயப்படுததே இல்ல, மேல உக்காந்துல்லா ஆடுது" என்று சிரித்தாள். ஒரு கட்டு முளைக்கீரையும் கொடுத்தாள். கீரையை வாங்கிக்கொண்டேன், ரிக்கார்டை அங்கேயே விட்டுவிட்டேன். அன்றைக்கு எங்கே போனேன் என்று மனைவி கேட்டபோது, கீரை வாங்கப் போனேன் என்றேன்.

அப்புறம் எனக்கு நம்பிக்கை விட்டுப் போனது. சுவாமியிடம் பிள்ளை கேட்டேன், தரவில்லை. பிள்ளையின் சிரிப்பைக் கேட்டேன், அதையும் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டானே என்று விளக்கு ஏற்றும்போது சண்டை போட்டிருக்கிறேன்.

தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். குமாஸ்தா பாங்க் நேரத்தில் கடைக்கு ஓடி வந்தார். டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"கெடச்சுடுத்து ஓய்! செம்பூர்ல ஒரு கப்பல்காரர் வீடு. சாமானெல்லாம் கொடுத்துட்டு ஊரோட போறா. முதல் அச்சு, ஒரு கீறல் இல்லை! சாயங்காலம் உம்ம ஆத்துக்காரியை அழைச்சுண்டு வாரும்."

என் மனைவி பூவை அப்படியே போட்டுவிட்டுத் தாராவிக்கு ஓடினாள். தலைக்குக் குளித்து, வேறு சேலை கட்டி, மடியில் கல்கண்டு முடிந்துகொண்டு வந்தாள். குமாஸ்தாவின் ரூமில் சுவர் முழுக்க ரிக்கார்டு. எங்களுக்கு நாற்காலி போட்டார். அவள் தரையில்தான் உட்கார்ந்தாள். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, பஞ்சு மாதிரி அதை உறையிலிருந்து எடுத்து வைத்தார்.

சிரித்தது.

ஹோட்டலில் கேட்டதை விடத் துல்லியமாக இருந்தது. சிரிப்புக்கு நடுவில் அது மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டது. என் மனைவி நெட்டி முறித்தாள். விரல்கள் படபடவென்று உடைந்தன. டிரம், கிதார், கூச்சல் எல்லாம் வந்து பாட்டு முடிகிற வரை அவள் கையை நெற்றியிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவ போடுவியளா சார்?"

அவர் முள்ளைக் கையில் பிடித்தபடி தயங்கினார். என்னைப் பார்த்தார். "போடறேம்மா. போடாம என்ன? ஆனா ஒண்ணு. முள்ளு ஓடறச்சே ஒவ்வொரு தடவையும் துளி துளியாத் தேயும். ஜூக்பாக்ஸ்ல இருந்தது அப்படித்தான் கரகரன்னு ஆச்சு. அதனாலதான் நல்ல ரிக்கார்டை நாங்க அதிகம் போடறது இல்லை. பரவாயில்லை, உங்களுக்காக இன்னொரு தடவை..."

"தேயுமா?"

"தேயும்மா."

"அப்பம் போடாண்டாம் சார்." எழுந்துவிட்டாள். "பிள்ள தேயும்லா."

அவர் எத்தனையோ சொன்னார், ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது என்றார். அவள் கேட்கவில்லை. கல்கண்டைக் கிராமபோன் பெட்டி மேல் வைத்துவிட்டு, "பத்திரமா வச்சுக்கிடுங்க. ரொம்பப் பேரு பாக்கும்படி வைக்காதிய" என்றாள்.

அதன் பிறகு சில வருஷம் குமாஸ்தா மாட்டுங்காவில்தான் இருந்தார். ஊதுபத்தி வாங்குகிற சாக்கில் கடைக்கு வருவார். சாமி கும்பிடாத மனிதர், அத்தனை ஊதுபத்தியை என்ன செய்தாரோ தெரியாது. என் மனைவி பக்கம் திரும்பி, "சௌக்கியமா இருக்கு" என்பார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். பாண்டு வாத்தியக்காரர் பெரிய தொகைக்குக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். நாங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவர் கட்டிடம். அவள் அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பாள், நடையை நிறுத்த மாட்டாள். எனக்கும் கேட்க ஆசைதான். ஒரு தடவை தனியாக அவர் மாடிப்படி பாதிவரை ஏறிவிட்டேன். அவளுக்குக் கிடைக்காததை நான் மட்டும் கேட்டால் எப்படி அவள் முகத்தில் விழிப்பது? இறங்கி வந்துவிட்டேன்.

பிறகு அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலானது. பெட்டியெல்லாம் கட்டிவிட்டு வந்து கூப்பிட்டார். "ஏம்மா, நாளைக்குக் கிளம்பறேன். இனிமே எப்போவோ, என்னவோ. ஒரே ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்கோ. எனக்கும் மனசு ஆறும்."

அவள் வந்தாள். அறையில் சுவர் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு ரிக்கார்டும் கிராமபோனும் மட்டும் கட்டாமல் கிடந்தன. அவர் தட்டை வைத்துச் சுழலவிட்டு முள்ளைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்றாள். "சிரிப்ப விட்டுட்டு மத்ததப் போட முடியுமா?"

"மத்ததா? அது எல்லா ரிக்கார்டுலயும் இருக்கேம்மா. எதிர் ஹோட்டல்ல தெனம் கேக்கறேளே!"

"இருக்கட்டும் சார். இது பிள்ள கூட இருக்கதுல்லா."

அவர் தரையில் மண்டியிட்டு, கண்ணைத் தட்டுக்கு நேரே வைத்துக்கொண்டு, சிரிப்பு முடிகிற இடம் பார்த்து முள்ளை இறக்கப் போனார். அந்த நேரம் என் மனைவி முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. தட்டு சுழல்கிறது, சத்தம் இல்லை. அவள் மட்டும் எதையோ கேட்கிறவள் போல இருந்தாள். பிறகு டிரம் அடித்தது. ஒரு வார்த்தை புரியாத அந்தப் பாட்டை முழுக்க, கோயிலில் கதை கேட்கிற மாதிரி, கடைசி வரை உட்கார்ந்து கேட்டாள். அவர் தட்டைத் துடைத்து உறையில் போட்டு, துணி சுற்றி, பெட்டிக்குள் வைக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரயில்ல வெயில் படாம வச்சுக்கிடுங்க சார்."

"வச்சுக்கறேம்மா."

படி இறங்கி ரோட்டுக்கு வந்தோம். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"வருசம் ஆச்சுல்லா? அது இப்பம் பள்ளிக்கூடம் போவும், இல்லியா?"

"போவும்ளா," என்றேன்.